வியாழக்கிழமைக் கறை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூன்றாவது கடை.
"கறை எதுல பட்டதாக்கும்?" என்றான் விஜுகுமார்.
"அதச் சொன்னாத்தானே சாமான் எடுத்துத் தர முடியும்."

ரப்பர்ப் பால் என்றேன்.
குலசேகரம் பக்கம் போய்வருகிற வண்டிகளில்
பாதி அந்தக் கறையோடுதான் வரும்,
அதனால் நம்பிவிட்டான்.
காய்ந்த பாலைச் சுரண்டக் கூடாது.
களிமண் மாதிரி ஒரு கட்டி இருக்கிறது,
சோப்புத் தண்ணீர் விட்டு
நேராக, ஒரே போக்கில் இழுக்க வேண்டும்.
வட்டமாகத் தேய்த்தால்
உச்சி வெயிலில் சிலந்திவலை தெரியும்.
எனக்குத் தேவையே இல்லாத அந்தக் கட்டிக்கு
நானூற்று முப்பது எண்ணிக் கொடுத்தேன்.

பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தொடாதீர்கள்,
அது அழுக்கோடு பழைய மெழுகையும் தின்றுவிடும்.
டயர் பாலிஷை சீட்டில் பூசாதீர்கள்,
பிரேக் பிடித்தால் டாங்க் மேல்தான் இருப்பீர்கள்.
பிறகு மெழுகு.
ஒன்று டப்பாவில், ஏதோ தூரதேசத்துப் பனையோலையில் எடுத்தது.
"நம்ம ஊருல இத்தன பன நின்னு என்ன,
ஒரு ஓலையாவது மெழுகு தந்துதா?"
அவனே சிரித்துக்கொண்டான்.
நனைந்த கறுப்பு கிடைக்குமாம்,
சித்திரை வெயிலுக்கு ஒன்றரை மாசம் தாண்டாதாம்.
மற்றது பாட்டிலில், கெமிக்கல்.
மினுக்கம் ஒரு மாற்றுக் குறைவு,
உப்புக்காற்றுக்கு ஆறு மாசம் ஈடுகொடுக்கும்.
"கடல்பக்கம் போவியளா?"
வியாழக்கிழமை மட்டும், என்றேன்.

வியாழக்கிழமை.
கடியபட்டணம், நான்காவது சந்து.
பிலோமின், வாரத் தவணை ஆயிரத்து எண்ணூற்று நாற்பது,
மூன்று வாரம் பாக்கி.
வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி
என்ஜினை அணைக்காமல்
அவள் குழுவின் மற்ற ஒன்பது பெண்களின் பெயரையும்
தெரு கேட்க வாசித்தேன்,
பயிற்சியில் சொல்லித் தந்தபடி.

அவள் ஒன்றும் பேசவில்லை.
உள்ளே போய்
சாளை கழுவிய குட்டுவத்தைத் தூக்கி வந்தாள்.
என்மேல் ஒரு சொட்டுப் படாமல்
பைய, டாங்கின் மேல் கவிழ்த்தாள்.
ரத்தம், குடல், செதில்.
சூட்டில் அது வெந்து மணத்தபோது
நாலு பூனைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன.
தெருவில் யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

பாட்டிலைத்தான் எடுத்தேன்.
வெளியே வந்து கணக்குப் பார்த்தேன்:
ஆறு மாசத்துக்கு இருபத்தாறு வாரம்,
அவள் சீட்டில் மிச்சம் இருபத்தெட்டு.

ஞாயிறு, திங்கள்சந்தை, வாடகை வீட்டுப் பின்புறம்.
இரண்டு வாளி,
ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி அலச.
அலசிய வாளியின் அடியில் கறுப்பாய்ப் படிந்தது
மணவாளக்குறிச்சி மணல்.
கைக்குள் அள்ளினால் கனக்கிறது.
இதோடுதான் இத்தனை நாள்
பழைய பனியனால் துடைத்திருக்கிறேன்.
செயினுக்கு மண்ணெண்ணெய், பல்தேய்க்கிற பிரஷ்.
சைலன்சருக்கு இளஞ்சிவப்புப் பசை,
அரைமணி நேரம், விரல் நுனி கறுக்கும் வரை.
மினுக்கம் இல்லாத பக்கமூடியில் மெழுகு படக்கூடாது என்றிருந்தான்,
பட்டுவிட்டது.
தேமல் மாதிரி வெளுத்து நிற்கிறது, போகவில்லை.

மெழுகைப் பூசி
புகை படர்ந்தது போல் ஆகும்வரை காத்திருந்தேன்.
விரலால் கோடு இழுத்து,
தெளிவாக விழுந்த பிறகு துடைத்தேன்.
டாங்கில் வேப்பமரம் தெரிந்தது.
பக்கத்து வீட்டுக் கொடியில் ஈரச் சட்டைகள் தெரிந்தன.
குனிந்தால் என் வாய் மட்டும்
தவளை வாய்போல் அகலமாகத் தெரிந்தது.

சீட்டும் டாங்கும் சேருகிற ரப்பர் இடுக்கில்
ஒரு செதில்.
ஊசி, ஈர்க்குச்சி, நகம், எதற்கும் வரவில்லை.
மழை வரும்போல் இருந்தது, விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழன்
ஐஸ் பிளாண்ட் சுவரோரம் வண்டியை நிறுத்தி
உறை போட்டு மூடி
நான்காவது சந்துக்கு நடந்து போனேன்.
பிலோமின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து
"வண்டி எங்க?" என்றாள்.