யிஸ்க்ரா

நீல வாளியில் பனிக்கட்டி,
பனிக்கட்டிக்குள் பாலித்தீன் பை,
பைக்குள் ஒரு குதிரையின் மண்ணீரல்.
ட்ராமில் மடிமேல் வைத்துக்கொண்டு வருகிறாள் த்ரஹோமீரா.
பக்கத்து இருக்கைக்காரர் மீன் என்று நினைத்து
கிலோ என்ன விலை என்கிறார்.

பிர்னோவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
கறிக்கடை ஹினெக் இதற்குக் காசு வாங்குவதில்லை.
"வாளி திரும்பி வரணும்" என்பார், அவ்வளவுதான்.
இன்று மட்டும் கூடுதலாக ஒரு பேச்சு:
"இவ பேரு யிஸ்க்ரா.
பதினேழு வருஷம் மலையில மரம் இழுத்தவ."
யிஸ்க்ரா என்றால் அவர்கள் மொழியில் தீப்பொறி.

மண்ணீரல்.
நம் மொழியில் இதற்கு இப்படிப் பெயர் வைத்தவர்
ஒருநாள் கையில் பிழிந்து பார்த்திருக்க வேண்டும்.
பிழிந்தால் செம்மண் ஓடை.
செத்த ரத்த அணுக்களின் இரும்பையெல்லாம்
சிந்தாமல் சிதறாமல்
உருண்டைப் பேழைகளில் பூட்டி வைக்கும் கிடங்கு.
ஒவ்வொரு பேழைக்கும் இருபத்து நாலு புரதங்கள்,
ஒன்றன் கையை ஒன்று பிடித்தபடி.
ஒரு தலைமுடியின் குறுக்கே அடுக்கினால்
ஐயாயிரம் பேழை நிற்கும்.
இதை யாரும் வார்க்கவில்லை, வடிக்கவில்லை.
புல் தின்று, மரம் இழுத்து,
நின்றபடி தூங்கி
அவள் செய்தது.

முதலில் இரும்பை இறக்க வேண்டும்.
அழுகிய முட்டையாய் நாறும் அமிலத்தில் மூன்று இரவு.
துரு நிறம் தேநீராகி,
தேநீர் வைக்கோலாகி,
வைக்கோல் தண்ணீராகும்.
இப்போது பேழை இருக்கிறது, பொருள் இல்லை.

பிறகு இன்னும் புளிப்பு.
தாங்காமல் கைகள் விடும்.
அந்த நேரம் பார்த்து மருந்தை இறக்க வேண்டும்.
சிவப்பு மருந்து. கட்டியைக் கொல்லும்;
வழி தவறினால் இதயத்தையும் விடாது.
அப்புறம் காரம், சொட்டு, சொட்டு.
கைகள் திரும்பக் கோக்கும்.
உள்ளே அகப்பட்டது அகப்பட்டதுதான்.

சொல்வதற்கு இவ்வளவு சுலபம்.
செப்டம்பரில் பேழைகள் வெறுமையாகவே மூடிக்கொண்டன.
அக்டோபரில் எல்லாம் தயிராய்த் திரிந்தது.
பிறகு அமிலமானி பழுது.
குதிரை குப்புறத் தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்களே,
அந்தக் குதிரைதான்.
"செயற்கைத் துகள் வாங்கிடலாமே,
பட்டியல்ல இருக்கு" என்றார் ஒட்டகார்.
அவள் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடித் தட்டில் காத்திருக்கும் செல்களுக்கு
ஓயாத பசி.
ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக
இரும்பு வேண்டும், இன்னும் இரும்பு.
வாசலில் வந்த பேழையைத் திறந்து பார்ப்பதில்லை;
பழகிய உருவம்,
வாரி உள்ளே இழுத்துக்கொள்கின்றன.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் கேட்டிருக்கிறோம்.
இது உண்ணும் வாய்க்கு.
செல்லின் உள்ளறையிலும் புளிப்பு உண்டு.
புளிப்பில் கை விடும் என்பதுதான் தெரியுமே.

இருட்டறை. நுண்ணோக்கி.
கரும்பரப்பில் ஒன்று, அதோ இன்னொன்று,
பிறகு எண்ண முடியாதபடி
சிவப்பு.
தீப்பொறி என்று எழுதக் கை அரிக்கிறது.
அவள் அப்படியெல்லாம் சொல்லவில்லை.
"உள்ள போயிருக்கு" என்றாள்,
மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பதிவேட்டில் இரண்டு கட்டம்.
புரதம் எங்கிருந்து: *யிஸ்க்ரா*
என்று எழுதினாள், எண் எழுத வேண்டிய இடத்தில்.
செல் எங்கிருந்து:
பெட்டியில் ஒட்டிய தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
பெண். ஐம்பத்தெட்டு. மார்பு.
யாரோ ஒருத்தி, எந்த ஊரோ,
அவள் போய் நாற்பது வருடமாகியும்
தட்டில் பெருகிக்கொண்டிருக்கிறாள்.
பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு எண்ணை எழுதினாள்,
ஏழு இலக்கம்.

வாளியைக் கழுவுகிறாள்.
அடியில் ஒரு துரு வளையம்
சோப்புக்கும் போகவில்லை, வினிகருக்கும் போகவில்லை.
நாளைக்கு இதை ஹினெக்கிடம்
அப்படியேதான் கொடுக்க வேண்டும்.