நடுவிடம்

கதிரைகளை வெளியே எடுக்கச் சொன்னாள் அந்தப் பிள்ளை.
முந்நூற்றிருபது.
எண்ணி எடுத்தோம். எண்ணித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

கொய்யாத்தோட்டத்து இந்த மண்டபத்தின் திறப்பு
பதினெட்டு வருசமாய் என் இடுப்பில்.
கலியாணம், பரிசளிப்பு, சங்கத்துப் பொதுக்கூட்டம்,
முப்பத்தோராம் நாள் சாப்பாடு,
எதுவானாலும் சனம் மேடையைப் பார்த்தே இருப்பினம்.
மேடையில் ஒன்றும் இல்லாவிட்டாலும்
மேடையைப் பார்ப்பினம்.

"மேடை வேண்டாம் அங்கிள்" என்றாள் நிறோஜினி.
மருத்துவம் கடைசி வருசம். கையில் கொப்பி,
காதுக்குப் பின்னால் பேனை.
"பாட்டுப் போடுறவர் மூலையில நிக்கட்டும்.
டான்ஸ் எங்களுக்குள்ளதான்.
எங்களுக்கு நடு வேணும்."

நடு.
கதிரைகள் போகப் போக அது பெருத்துக்கொண்டு வந்தது.
இவ்வளவு இடத்தையா
இத்தனை காலம் ஆட்களை வைத்து மூடியிருந்தேன்?

அமலதாஸ் ஏணியில்.
குமிழ் மாலையைக் காற்றாடியில் கட்டினால் அறும் என்று நான் சொல்ல,
காற்றாடி போட்டால் பெட்டையளின் தலைமுடி குலையும் என்று அவன் சொல்ல,
ஆவணி மாதம், ஏ.சி. இல்லாத மண்டபம்,
கறுப்புக் கோட்டுப் போட்ட பெடியள்.
அது அவையின் பாடு.

சப்பாத்து வழுக்க வேணுமாம், ஆனால் விழக்கூடாதாம்.
கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகள்
சொப்பிங் பை நிறைய வாங்கி வந்து
துருவலையில் துருவித் தூவி
சாக்குப் போட்டு இழுத்தோம் இரண்டு பேரும்,
மாடில்லாமல் பலகை அடிக்கிற மாதிரி.

ஏழாம் வரிசை இருந்த இடத்தில் சாக்கு நின்றுவிட்டது.
சதுரமாய் ஒரு ஒட்டு.
நிலமெல்லாம் சிவப்பு, அது மட்டும் சாம்பல் சீமெந்து.
"இது என்ன?"
"கூரை விழுந்தது, பிள்ளை."
"எப்ப?"
வருசத்தைச் சொன்னேன்.
அவள் விரல் மடித்துப் பார்த்தாள்,
தான் பிறக்க இன்னும் எத்தனை மாதம் கிடந்ததென்று.
பிறகு செருப்பைக் கழற்றிப் பெருவிரலால் உரசினாள்.
"சொரசொரக்குது. இன்னும் மூண்டு திரி போடுங்கோ."

போட்டேன். குடித்தது.
மேலும் மூன்று. அதையும்.
கடைசியில் கொப்பியில் வட்டம் கீறி
அதற்கு நேரே மேலே இருந்த குமிழைக் கழற்றச் சொன்னாள்.
மெல்லிய பாட்டுக்கு அசையாமல் நிற்கிற சோடியள்
எப்படியும் இருட்டைத்தான் தேடுவினமாம்.
சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள்.

பொழுதுபட முற்றத்துக்குப் போனால்,
அடுக்கச் சொன்ன கதிரைகளைப் பெடியள் பழக்கத்தில்
வரிசையாய்ப் பரப்பியிருந்தாங்கள்.
முந்நூற்றிருபதும்
பூட்டிய சைக்கிள் கொட்டிலைப் பார்த்தபடி.

கதவு சாத்த முன்னம் சந்திக் கடை நாய் உள்ளே ஓடியது.
நாலு காலும் நாலு பக்கம் போக
ஒரு சுற்றுச் சுற்றி,
அந்தச் சாம்பல் சதுரத்தில் போய் நின்று
எங்களைப் பார்த்தது.

அமலதாஸ் கை தட்டினான்.
நான் சாக்கை எடுத்துக்கொண்டு
அதன் கால் அடையாளங்களைத் துடைக்கப் போனேன்,
செருப்பைக் கழற்றிவிட்டு,
ஆர் பார்க்கப் போகினம்,
கொஞ்சம் வழுக்கிப் பார்த்தபடி.