பதினோரு மைல்

லாரி எடைமேடை ஏறும். நிறைந்த எடையைக் குறிப்பாள்.
கொட்டிவிட்டுத் திரும்பும். வெற்று எடையைக் குறிப்பாள்.
கழித்தால் கோதுமை.
வடக்கு டகோட்டாவில், முப்பத்தோரு வருஷமாக,
ஆர்டிஸ் ஓடகார்டுக்கு இதுதான் உத்தியோகம்.
கணக்கு உதைத்தால் தூக்கம் வராது.

நதிமூலம் பார்க்காதே என்பது நம் பக்கத்துப் பேச்சு.
அவள் பக்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது.
சேர்த்துவைத்த விடுப்பு பதினேழு நாள்.
கல்லறைக் கல்லில் தாளை வைத்துக்
கரித்துண்டால் தேய்த்தெடுத்த பூட்டன் பெயர்:
தார்யை ஊலவ்ஸன் ஓடகார்ட்.
முதல் ஏடு கிழிந்த ஒரு பைபிள்.
கூடவே, கிறிஸ்துமஸ் தோறும் அப்பா சொல்லிச் சிரித்த கதை:

ஷெயென் ஆறு உறைந்துவிட்டால்
ஊரே வண்டியை ஆற்றின்மேல் ஓட்டி மாவரைக்கப் போகும்.
கிழவன் மட்டும் பதினோரு மைல் சுற்றிப்
பாலத்தில் போவான்.
பனிக்குப் பயந்த நார்வேக்காரன்!
நீச்சல் மறந்த மீன்!

டெலிமார்க் ஆவணக் கூடத்தில்
ஐவிந்த் என்ற குமாஸ்தா
முள்வேலி போன்ற பழைய கையெழுத்தை
விரல் படாமல் வாசித்தான்.
ஓடகார்ட் என்றால் பாழ்மனை.
கொள்ளைநோயில் ஆள் அற்றுப்போன பண்ணை.
பிறகு யார் வந்து அடுப்பு மூட்டினாலும்
அந்தப் பெயர் அவர்மேல் ஏறிக்கொள்ளும்.

ஞானஸ்நானம், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு. இருந்தான்.
உறுதிபூசுதல். இருந்தான், 'வேத அறிவு சுமார்'.
பிறகு ஐவிந்த் ஏனோ பேச்சை நிறுத்தினான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அறுபத்தெட்டு, பிப்ரவரி.
'தார்யை ஊலவ்ஸன், வயது இருபது.
ஏரிப் பனி உடைந்து, குதிரையோடு.
உடன் சென்ற குடிசைக்காரன் மகன் அஸ்லாக் பிழைத்தான்.'

அதே வருஷம், மே.
வெளியேறியோர் பக்கம். அதே பாதிரியார், அதே மசி:
'தார்யை ஊலவ்ஸன். அமெரிக்காவுக்கு.'

அஸ்லாக் அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் இல்லை.
சாகவில்லை, மணக்கவில்லை, போகவுமில்லை.

சீட்டுக்குப் பணம் கட்டியாயிற்று,
வீணாக்குவானேன் என்றாளா அந்தத் தாய்?
இல்லை, என் பிள்ளை போய்ச் சேரட்டும் என்றாளா?
பையனே திருடிக்கொண்டானா?
பாதிரியார் எல்லாம் தெரிந்தே
பேனாவைத் தொட்டு எழுதினாரா?
ஐவிந்த் தோளைக் குலுக்கினான்.
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

பண்ணையைப் போய்ப் பார்த்தாள்.
வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருண்டைகள்.
குடிசை இருந்ததாகச் சொன்ன இடத்தில்
நாலு கல், ராஸ்பெரிப் புதர், ஒரு செம்மறியின் மணி.
தேவாலயத்தில் தார்யையைத் தேடினாள்.
புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை அணைத்தார்.
இங்கே குழி நிரந்தரமில்லை, அம்மா.
சில பத்தாண்டு. பிறகு அடுத்தவருக்கு.

அப்படியானால்
முங்கிப்போன அந்தப் பையனுக்கு
உலகத்தில் இருப்பது ஒரே ஒரு கல்.
அதுவும் டகோட்டாவில்,
வேறொருவன் நெஞ்சின்மேல்.

விடுதியிலிருந்து தம்பி லைலுக்குப் போன் போட்டாள்.
ஜூலைக் குடும்பச் சந்திப்புக்கு
ஓடகார்ட் என்று முதுகில் அச்சிட்ட
நாற்பத்தாறு பனியன்களுக்கு அவன்தான் பொறுப்பு.
எல்லாவற்றையும் சொன்னாள்.
அந்தப் பக்கம் டிராக்டர் ஓசை மட்டும்.
'அப்ப நாம யாரு?'
'பனியனுக்குப் பணம் கட்டியாச்சா?'
'கட்டியாச்சு.'
'அப்ப போட்டுக்குவோம்.'
சொன்ன பிறகுதான்
தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று
அவளுக்கு உறைத்தது.

ஜனவரி. ஷெயென் இறுகிவிட்டது.
தூண்டில்காரர்கள் பிக்அப்புகளை ஆற்று நடுவிலேயே நிறுத்தி
பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
வா, லாரியே தாங்கும் என்று கையசைத்தார்கள்.
கரையில் எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு வண்டியைத் திருப்பினாள்.
வயல், வயல், அஞ்சல் பெட்டி, வயல்,
கடைசியில் பாலம்.

அக்கரையில் நிறுத்தி மீட்டரைப் பார்த்தாள்.
பதினோரு மைல் இல்லை, பதினான்கு.
குறைத்துச் சொல்லியிருக்கிறான் கிழவன்.