குடிபுகல்

காயங்கேணிக் கரையில் காலை ஐந்தே முக்காலுக்குத்
தோணியைத் தள்ளி இறக்கியபடி பேரின்பம் கேட்டார்:
"நகக்கண் அளவு முருகையக் கிள்ளிப் போய்
மறுகா அதுக்குள்ள என்னத்தப் புள்ள தேடுற?"

யார் யாரோடு குடியிருக்கிறார்கள் என்று, என்றேன்.
"கிராம சேவகர் வேலை."
சிரிக்கவில்லை. சவள் போடத் தொடங்கினார்.
திணைக்களத்தின் அனுமதிக் கடிதம்
பொலித்தீன் பையில் என் மடியில் வியர்த்தது.

கிராம சேவகர் வேலைதான்.
வந்தாறுமூலையில், ஏசி பாதி நாள் ஓடும் அறையில்
திசுவைக் கரைத்து, சுழற்றி, இழையைப் பிரித்து,
ஒன்றைக் கோடியாய்ப் பெருக்கி ஜெல்லில் ஓடவிட்டால்
புறஊதா ஒளியில் இரண்டு கோடுகள் எழும்.
ஒன்று வீட்டுக்காரி.
மற்றது வந்து இருப்பவன்.

எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை.
வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வருவான்.
குடி தாயின் வயிற்றால் இறங்கும்.
முருகையிலும் சில சாதி
முட்டைக்குள்ளேயே பாசியை வைத்து
மகளுக்குக் கொடுத்தனுப்பிவிடும்.

கொம்பு முருகை கொடுக்காது.
அதன் பிள்ளை வெறுங்கையோடு மிதந்து போய்
ஏதோ ஒரு கல்லில் அமர்ந்து
தண்ணீரில் போகிறவனையெல்லாம் வாயில் எடுத்து
அவன் தோலில் ஒட்டிய சர்க்கரையைத் தடவிப் பார்க்கும்.
சரிவராதவனைச் செரித்துவிடும்.
சரிவந்தவனைச் செரிக்க மறந்துவிடும்.

அந்த மறதிக்கு எத்தனை மரபணு வேண்டும் என்று
மூன்று வருடமாய் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று: அவளுக்குச் சிஸ்டீன் செய்யத் தெரியாது.
அதற்கான மரபணு எந்தக் காலத்திலோ தொலைந்துபோனது.
அவன் செய்வான் என்று இருந்திருப்பாள்.
(கரண்ட் பில் வரிசையில் அக்கா
முதன்முதலாய் நின்ற அன்று இது ஞாபகம் வந்தது.)

போன சித்திரையில் கடல் முப்பத்தொரு பாகை,
நான்கு கிழமை இறங்கவே இல்லை.
அந்த வெக்கைக்குள்தான் அத்தான்
சந்திவெளி வீட்டிலிருந்து வெளிக்கிட்டார்.
போனான் என்றது ஒரு தெரு.
அனுப்பினாள் என்றது மறு தெரு.
அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

அதே கிழமை நீருக்கடியில் முழுப் பாரும் வெள்ளை.

நான் வாசிக்கும் கட்டுரைகளிலும் இதே வழக்குத்தான்.
சூடேறினால் பாசியின் அடுப்புப் பழுதாகி நஞ்சு கசிகிறது,
அவள் அவனை வெளியே தள்ளுகிறாள்;
இல்லை, அவனாகத்தான் போகிறான்;
இல்லை, இருந்த அறையோடு சேர்ந்து
அவனும் உதிர்கிறான்.
ஒவ்வொன்றுக்கும் சாட்சி உண்டு. தீர்ப்பு இல்லை.

வெள்ளை என்றால் சாவு என்று நினைக்கிறார்கள்.
தசை கண்ணாடியாகி எலும்பு தெரிகிறது, அவ்வளவுதான்.
உள்ளே அவள் பசித்துக் கிடக்கிறாள்.
இரவில் கைநீட்டி
மிதந்து வருவதைப் பிடித்துத் தின்கிறாள்.

ஆவணியில் மறுபடி போனோம்.
பாதிக்குமேல் முடிந்திருந்தது; எலும்பின்மேல்
வேறு ஏதோ நாரைப் பாசி, அழுக்குப் பச்சையாய்.
ஒரேயொரு கொம்பின் அடியில் தவிட்டு நிறம்.
கிள்ளினேன். பேரின்பம் பார்க்காததுபோல் இருந்தார்.

ஜெல்லில் பழைய கோட்டின் இடம் காலி.
சற்றுக் கீழே வேறொருவன்.
துருஸ்டினியம். வெக்கை தாங்குவான்.
சர்க்கரை குறைத்துத்தான் தருவான்,
அவளும் மெல்லத்தான் வளர்வாள்.
முன்பே மூலையில் ஒளிந்திருந்தவனா,
கடலிலிருந்து நேற்று வந்தவனா,
என் மெஷினுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன்.
தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.
ஊசிக்கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள்:
"குறைச்சுத் தந்தாலும் நிப்பானா?"

தெரியாது. அடுத்த சித்திரை வரட்டும்.

நூலைப் பல்லால் அறுத்தாள்.
"அப்ப அதுமட்டும்
அவளக் கிள்ளாம விடு."