வால் கணக்கில் வராது

பதினாறு மாதம் கழித்து
ஆறாம் எண் சட்டை இன்று மைதானத்துக்கு வருகிறது.
வாசலில் சீட்டுக் கிழிப்பது நான்.
வார நாட்களில் கால்நடை மருத்துவருக்கு
ஊசியும் நூலும் எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.
சின்ன ஊர். ஆளுக்கு இரண்டு வேலை.
மழை பெய்கிறது.
மேற்கு அயர்லாந்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கார்மாக் டெவனி.
அவன் மட்டையில் பட்ட பந்துக்கு
எழுபது மீட்டர் காற்று ஒதுங்கி வழிவிடும்.
அந்தக் கைதான்
ஒரு பிப்ரவரி இரவில் மண்வெட்டி பிடித்தது,
வளைக்கரடியின் பொந்தைப் பிளந்தது,
உள்ளே டெரியரை இறக்கிவிட்டது.
மேலே நான்கு பேர், ஒரு டார்ச், ஒரு போத்தல்,
படம் பிடிக்க ஒரு செல்பேசி.

காணொளியில் ஒரு சிரிப்பு.
நீதிமன்றத்தில் அதை மூன்று முறை ஓட்டினார்கள்.
"இது யார்?" என்றார் நீதிபதி.
மூன்று பேர் கூரையைப் பார்த்தார்கள்.
"நான்தான்" என்றான் டெவனி.
அதை அவன் கணக்கில் வைப்பதா வேண்டாமா என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வளைக்கரடிக்கு வழக்கில் பெயரில்லை.
"ஒன்று. முதிர்ந்தது. பெண்."
மன்னிக்க உரிமை யாருக்காவது இருந்தால்
அதற்குத்தான் இருந்தது.

டெரியரின் கீழ்த்தாடையில் பாதியை
அன்றிரவு நாங்கள் எடுத்தோம்.
நாற்பத்தொரு தையல். எண்ணியது நான்.

கிளப் கூடத்தில் கை தூக்கச் சொன்னார்கள்.
"தண்டனை முடிந்துவிட்டது. இன்னும் எத்தனை முறை?"
"என் பையன் அந்தச் சட்டையோடுதான் தூங்குகிறான்.
அவனுக்கு நான் என்ன சொல்வது?"
"அவன் கொத்தனாராக இருந்தால்
திரும்பச் சுவர் கட்டக் கூடாதென்றா சொல்வோம்?"
பின்வரிசையிலிருந்து ஆஷ்லிங் மக்ரா எழுந்தாள்:
"கொத்தனாருக்கு யாரும் கைதட்டுவதில்லையே."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.
அரையிறுதிக்கு மூன்று வாரம்தான் என்பதை
ஒருவரும் சொல்லவில்லை.
எழுபத்தாறு, ஐம்பத்தெட்டு. வரட்டும் என்று முடிவானது.
இரண்டு முறையும் என் கை
கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

இதோ, தோளில் பையோடு வருகிறான்.
என் நாற்காலிக்கடியிலிருந்து நாய் எழுந்தது.
மோந்தது.
வாலை ஆட்டியது.

வரிசை முழுக்கப் பார்த்தது.
"பார், அதுவே மன்னித்துவிட்டது" என்று
நூலா கில்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இல்லை, நூலா.
இது தபால்காரனுக்கும் ஆட்டும்,
வெப்பமானிக்கும் ஆட்டும்.
அன்றிரவு மேசையில், தாடை தொங்க,
எங்களுக்கும் ஆட்டியது.
நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறோம்,
சொல்வது என்னவோ மனிதனை.
அவன் திருந்தாததற்கும் வால்,
திருந்தியதற்கும் வாலே சாட்சியா?

டெவனி குனியவில்லை.
செய்தித்தாள் பையன் கேமராவைத் தூக்கினான்.
இவன் ஓரடி விலகி,
கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எப்படிச் சாப்பிடுகிறது?"
"குழைத்து, கையால் ஊட்டணும்."
"எத்தனை வேளை?"
"மூன்று."
உதடு அசைந்தது. பெருக்கிப் பார்க்கிறான் போல.
பதினாறு மாதம், மூன்று வேளை.
விடை வருவதற்குள்
உள்ளே விசில் ஊதினார்கள்.

முதல் பாதியில் இரண்டு பந்தைக் கோட்டைவிட்டான்.
கடைசி நிமிடத்தில், ஓரக் கோட்டிலிருந்து,
யாருக்கும் வாய்க்காத ஒரு கோணத்தில்
கம்பத்துக்கு மேலே ஒன்றை அனுப்பினான்.
ஊரே எழுந்து நின்று கத்தியது.

நாய்க்கு இரைச்சல் ஆகாது.
நான் குனிந்து அதன் இரண்டு காதையும்
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

அதனால்தான் கைதட்டவில்லை.
யாராவது கேட்டால்
அப்படித்தான் சொல்வேன்.