பதினேழு இலை

துளசிங்கம்,
நாம் எழுதிக்கொண்ட நூற்றுச்சொச்சம் கடிதங்களில்
ஒன்றில்கூட அரசியல் என்ற சொல் இல்லை.

குடியரசுக்குப் பால்பல் விழாத காலம்.
வேலூர்க் கொசப்பேட்டையில் நான்,
குடியாத்தத்தில் நீ,
நடுவில் தபாலாபீஸ் பங்காரு நாயுடு,
எதிரணிக்காரரின் மைத்துனர்,
பசை காய்வதற்குள் உறை பிரித்துப் படித்து
மறுபடி ஒட்டத் தெரிந்தவர்.
அதனால்தான்
ஜெயிலில் ஒரே மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்த இருவர்
வெளியே வந்து கல்யாணத் தரகர்கள் ஆனோம்.

தேர்தல் என்றால் கல்யாணம்.
நிற்கிறவன் மாப்பிள்ளை.
சென்னையில் உட்கார்ந்து எதற்கும் முகம் கோணும் கமிட்டி
சம்பந்தியம்மாள்.
பணத்துக்கு மொய் என்று பெயர் வைத்தது நீ.
வைக்காவிட்டாலும் அதற்கு அதுதான் பெயர்.

"பதினேழு இலை போட்டாயிற்று" என்பாய்.
பதினேழு ஓட்டு என்று படிப்பேன்.
"ஆம்பூர்க்காரர் ரசத்தோடு எழப் பார்க்கிறார்,
பாயசம் வரை உட்காரவைக்க ஆள் அனுப்பு."
அனுப்புவேன்.
"படித்ததும் அடுப்பில் போடு" என்று முடிப்பாய்.
போட்டதில்லை.
உன் கையெழுத்தில் 'ழ' ஒரு வாத்தைப்போலத் திரும்பிப் பார்க்கும்.
அதை எரிக்க மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்.
என்றாவது நீ அணி மாறினால்
கையில் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்,
அப்படியும் வைத்துக்கொள்.
இரண்டும் நிஜம்.

ஆவணியில் வந்தது அந்த நீல இன்லண்டு.
"பதினாலாம் தேதி புதன்கிழமை கல்யாணம்.
கெங்கையம்மன் கோயில். விடியற்காலை முகூர்த்தம்.
மொய் வேண்டாம்.
யாரையும் கூட்டி வராதே, நீ வந்தால் போதும்."

பதினாலு: ஜில்லா போர்டு ஓட்டெடுப்புக்குச் சரியாக ஒரு வாரம்.
மொய் வேண்டாம்: விலை பேசி முடித்துவிட்டாய்.
கெங்கையம்மன் கோயில், நம் அகராதிப்படி,
காட்பாடி ஜங்ஷன்.
என்ன மூளை இவனுக்கு என்று மெச்சிக்கொண்டே
மூன்றாம் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன்.
பெங்களூர் மெயில் வந்தது, போனது.
மாங்காய்க் கூடைகளுக்கு நடுவில் ஒருத்தி
குழந்தைக்குத் தலை வாரினாள்,
பிரித்தாள், மறுபடி வாரினாள்.
நீ வரவில்லை.

உனக்கு ஒரு பெண் இருப்பதும்
அவளுக்கு வயது ஏறுவதும்
நம் அகராதியில் இல்லை.

அன்றிரவே எழுதினேன்:
"கல்யாணம் நின்றுவிட்டதா?
மாப்பிள்ளை ஓடிவிட்டானா?
எவன் கலைத்தான், சொல்."

மறுவீடு வந்திருந்த தனகோட்டிதான்
தபால்காரர் கையிலிருந்து வாங்கிப் பிரித்தாளாம்.
சத்தமாகப் படித்தாளாம்,
மாமியார் பக்கத்தில் இருக்க.

அதற்கு நீ போட்ட பதிலில்
சங்கேதம் இல்லை, வாத்தும் இல்லை,
நிறுத்தி நிறுத்தி எழுதிய அந்நியக் கையெழுத்து.
"உனக்காக ஓர் இலை போட்டு, கடைசிப் பந்தி வரை
எடுக்காமல் வைத்திருந்தோம்.
இனி என் ஓட்டு உனக்கில்லை."
நான் படிக்குமுன் பங்காரு நாயுடு படித்திருந்தார்.
ஊரே படித்திருந்தது.

ஆனாலும் ஜெயித்தேன்.
பத்தொன்பது, பதினெட்டு.
மடித்த சீட்டுகளை மேஜையில் கொட்டி எண்ணினார்கள்,
எல்லாம் ஒரே மாதிரிப் பெருக்கல் குறி.
எது உன்னுடையது என்று
அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் எந்தக் காகிதத்தையும்
பார்த்ததில்லை.
கேட்டிருக்கலாம்.
முத்திரை வைத்த போர்டு தாளில் நாலு தரம் ஆரம்பித்தேன்,
நாலு தரமும் "அன்புள்ள" வரை வந்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து
என் மகனுக்குப் பத்திரிகை அடித்தேன்,
நாலு மூலையிலும் மஞ்சள் தடவி.
நேற்று உன் கார்டு வந்தது,
ஊரே படிக்கும்படி, உறை இல்லாமல்:

"பத்திரிகை கிடைத்தது.
இது கல்யாணமா, இல்லை கல்யாணமா?"

வாத்து இல்லை. அந்த வரியில் 'ழ' வர இடமே இல்லை.
முகவரியில் தேடினேன்.
அங்கும் இல்லை.

பதில் எழுதவில்லை, துளசிங்கம்.
குடியாத்தத்துக்கு முதல் பஸ்
ஐந்தேகாலுக்கு.