பீர்க்கம்பிஞ்சு

புளியரையில் சாரல் நிற்காத ஆனி.
முந்தாநாள் அடித்த பிரைமர்
இன்னும் விரலில் ஒட்டுகிறது.

ஹெரால்டின் மட்கார்டைச் சுரண்டினால்
கறுப்புக்குக் கீழே மஞ்சள்,
அதற்கும் கீழே யாரோ அவசரத்தில் பூசிய
சுவர்ச் சுண்ணாம்பு.

ஆரியங்காவிலிருந்து பஸ்ஸில் வந்த வாவச்சன்
எஞ்சினில் காது வைத்தான்.
'மூணாவது வால்வு' என்றுவிட்டுப்
பலாச்சுளை தின்னப் போனான்.

இன்று ஸ்டார்ட் ஆகிவிட்டது.
அடுப்படி வரை புகை.

ஆனால் வண்டி நகராது.
தரைத்தகட்டின் துரு ஓட்டை வழியே
ஏறிய பீர்க்கங்கொடி
ஸ்டியரிங்கை இரண்டு சுற்று சுற்றி
ஹாரனுக்குப் பக்கத்தில்
காய் விட்டிருக்கிறது.

ஓட்டையை அடைக்க
வெல்டிங் ராடை எடுத்தேன்.
'பிஞ்சு' என்றாள் இலஞ்சியம்,
ராடைப் பிடுங்கி ஓட்டுக்கூரையில் செருகினாள்.

நாலு சக்கரத்துக்கும் காற்றடித்துவிட்டு
முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்,
காய்க்கு இடம் விட்டு.